ஈயம் எடுத்த பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு, துபாயிலிருந்து அறிவு. நான் நல்லாருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

கிட்டாருக்கு நானே ஒரு எக்கோ பெட்டி செஞ்சேன். வாசிச்சதைத் திருப்பிச் சொல்லும். உள்ள வயர்ல தப்பா பத்தவச்ச ஈயத்தை உருக்கி எடுத்ததிலிருந்து, வாசிக்காமலே அதுல உன் குரல் வருது. "சாப்பிட்டியா தம்பி, மீன்குழம்பு வச்சேன்." மறுநாள் போன்ல நீ அதையேதான் சொன்னே.

நேத்து பெட்டியில மோட்டார் சத்தத்துக்கு நடுவுல "என்னங்க, என்னங்க"ன்னு கத்துனே. ஈயத்தை மறுபடி பத்தவச்சுப் பாத்தேன், அதே கத்தல். இன்னிக்கு போன்லயும் அதையே கேட்டுடுவேனோன்னுதான் உன் போனை எடுக்காம வாட்ஸ்அப்ல எழுதுறேன்.

குத்தாலத்துலேருந்து ஆள் கூப்பிட்டு மோட்டார் கொட்டகை வயரை மாத்து. ஈரக்கையோட அப்பா சுவிட்சைத் தொடவேணாம். பயப்படாதே, சும்மாதான் சொல்றேன்.

வேலைக்கு நேரமாச்சு. அப்பா போன்ல பேசமாட்டார்னு தெரியும். இந்த ஒரு தடவை அவர் போன்லேருந்து அவரையே கூப்பிட்டுப் பேசச் சொல்லும்மா, அதை எடுப்பேன்.

அறிவு