காரை விற்க வேண்டாம்

கைலாசபுரம் ஸ்கூலுக்குப் பாடம் எடுக்க மைத்ரேயி கிளம்பும்வரை, கோவிலுக்குப் போன கணவன் பிரஹலாத் தாயார் சன்னதியிலிருந்து திரும்பவில்லை. காரை விற்பது பற்றிய சண்டைக்குப் பின் இருவரும் பேசவும் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டினாள்:

“சாத்தமுது அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுக்கோங்கோ. காருக்குள்ள தண்ணி தேங்கறதே, அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டையாயிடுத்துன்னு மெக்கானிக் சொன்னாரே, நான் நுனியில கேமரா இருக்கற வயரை ஃபோன்ல மாட்டி உள்ளே விட்டுப் பார்த்துட்டேன். தகடு நன்னா இருக்கு. ஏசி தண்ணி வெளியே போற குழாயைத்தான் இலை அடைச்சிண்டிருக்கு. படம் உங்க ஃபோனுக்கு அனுப்பியிருக்கேன். காரை வாங்க வர்றவரைத் திருப்பி அனுப்பிடுங்கோ.”

மூடிய பேனாவை மறுபடி திறந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“கேமராவை விளையாட்டுச் சாமான்னு சொன்னேளே, அது இன்னும் மனசுல இருக்கு. சாயங்காலம் அடைப்பை எடுக்கப்போறேன். ஃபோனைப் பிடிச்சுக்க நீங்க வேணும்.”

கார் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.