இடது சிறுநீரகத்தில் ஒரு குழாய்

12 ஜூன்

மைத்துனனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. என் குறைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. சென்ற ஆண்டு, ஏப்ரல் 8: கத்தி படாமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே என் சிறுநீரகக் கல்லை உடைத்தெடுத்தாய். "தழும்பே இருக்காது அத்தான், அக்காவே நம்பமாட்டா" என்றாய். வீட்டு மனிதருக்குப் பதிவெல்லாம் எதற்கு என்று வரவேற்பறைப் பெண்ணைக் கையமர்த்தினாய்.

2. ஆகஸ்ட் 20: உன் வீட்டு விருந்தில், விலாப்புறம் வலிக்கிறது என்றேன். "அத்தானுக்குக் கொட்டாவி வந்தாலே ஸ்கேன் எடுக்கணும்பாரு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. இவ்வாண்டு, ஜூன் 9: குளிர்க்காய்ச்சலோடு வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், "உள்ள குழாய் வெச்சது யாரு?" என்று கேட்டார். எனக்கு யாரும் எதையும் வைக்கவில்லை என்று சாதித்தேன். சில வாரங்களில் எடுத்திருக்க வேண்டிய குழாயாம். இப்போது அதன்மீது கல் படிந்து அடைத்துவிட்டது. சிறுநீரகம் மிஞ்சுமா என்று சொல்ல முடியவில்லை.

குழாயை எடுக்க வரச்சொல்லி நோயாளிகளை அழைப்பது உன் மருத்துவமனையின் வழக்கம். பதிவு இருந்தால்தானே அழைப்பார்கள்? அறுவைக் குறிப்பை உடனே அனுப்பு.

உன் அக்காள் கணவன்


15 ஜூன்

அன்புள்ள அத்தான்,

காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு அக்கா சொன்னா, நிம்மதியா இருக்கு. உங்க லெட்டரைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ்னே நினைச்சேன்! ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

கல்லை எடுக்கும்போது பாதையில லேசா ஒரு கிழிசல். யார் செஞ்சாலும் எப்பவாவது ஆகறதுதான். அது ஆறத்தான் குழாய். உங்ககிட்ட சொன்னா தூக்கம் போயிடும்னு சொல்லல. ஆனா அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன், ஆறு வாரத்துல கூட்டிட்டு வான்னு. பாவம், மறந்துட்டா போல. அவளைத் திட்டாதீங்க.

குறிப்புன்னு எதுவும் எழுதி வைக்கல. நம்ம குடும்பத்துக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு?

அன்புடன்,
உங்க மச்சினன்


17 ஜூன்

மருத்துவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைத் தங்கள் அக்காவிடம் கொடுத்தேன். என் கட்டிலோரம் நின்றபடியே படித்தாள்.

"குழாயா? கல்லெல்லாம் வந்துடுச்சு, நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுன்னுதானே சொன்னான்?"

பிறகு என் போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நான் மறந்துட்டேன்னே இருக்கட்டுங்க. அவன் பேரு கெட்டுடக் கூடாது. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

கிழிசல் எவர் கையிலும் நேரலாம் என்பதை ஏற்கிறேன். குழாயை மறந்ததைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன். ஆனால் இத்தனை மாதமும் என் விலாவுக்கு ஒத்தடம் கொடுத்தவளின் தலையில் அந்த மறதியைக் கட்டினீர்கள். அவளோ, தம்பியின் பாரமென்று அதைச் சுமக்கவும் துணிந்துவிட்டாள்.

22 ஜூன், திங்களன்று எனக்கு அறுவை. கிழிந்த இடம், குழாயின் வகை, வைத்த நாள் ஆகியவை அதற்குள் இங்குள்ள மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அவற்றின் கீழே, குழாயைப் பற்றி அக்காவிடம் தாங்கள் சொல்லவே இல்லை என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அவள்தான் எடுப்பாள், தாங்கள் அழுவீர்கள், அவள் கையெழுத்திட்டுவிடுவாள்.

19 ஜூன், வெள்ளி மாலை ஐந்து மணிக்குள், தங்கள் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான பதில் எனக்குக் கிடைத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி
பதிவு எண்: இல்லை