விலக்குப் பட்டியலில் ஒரு வரி

அக்கா,

இன்று காலை சித்தூரில், நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில், சர்வர் பேக்கப் பாதியிலேயே நின்றுவிட்டது. மெமரி போதவில்லை என்று திரையில் அதே பழைய வரி. டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையில், நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அது வந்தபோது, மெமரி என்றால் என்னவென்று கேட்டீர்கள். பெரிய படிப்பாளி மாதிரி “நினைவகமுங்கக்கா” என்றேன். “நினைவகம்னா செத்தவுகளுக்குல்ல தம்பி கட்டுவாக?” என்று கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

அந்த வருஷ மழையில் கூரை ஒழுகி, பிரசவப் பதிவேடுகள் ஊறிக்கொண்டிருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பிறந்தவர்களுக்கு வேறு அத்தாட்சி கிடையாது. தேவிகுளம் தாலுகா ஆபீசில் சர்டிபிகேட் கேட்டுப் போகிறவர்கள் முதலில் ‘நர்ஸம்மா’ என்று உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் ஸ்கேனர் முன்னால் செலவழித்தீர்கள். ஒரு குழந்தைக்கு ஒரு படம் என்று பக்கங்களைத் துண்டு துண்டாக வெட்டிச் சேமித்தீர்கள். அந்த ஃபோல்டருக்கு ‘பிள்ளைகள்’ என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

பேக்கப் திணறியது அதில்தான். கடைசியாக எடுத்ததற்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கிற பேக்கப் அது. எது மாறியது என்று தெரிந்துகொள்ள, இருக்கிற கோப்புகளின் பெயர்களையெல்லாம் முதலில் மெமரியில் வரிசையாக நிறுத்தும். உங்கள் பிள்ளைகளோ எண்ணி மாளாது. ஆண்டுவாரியாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்குச் சோம்பல், வெள்ளிக்கிழமை, ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம் வேறு. பேக்கப் எடுக்க வேண்டாதவற்றின் பட்டியலில் ‘பிள்ளைகள்’ என்று ஒரு வரி தட்டினேன். திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். உடனே பேக்கப் முடிந்து பச்சை டிக் வந்தது.

காலையில் வந்ததும் கேட்பீர்கள்: “தம்பி, பிள்ளைக பத்திரமா?”

“பத்திரமா இருக்குதுங்கக்கா.”

“ஒங்க ஊரு ‘ங்க’வக் கேட்டா எதையும் நம்பலாம்யா.”

முதல் வாரம் தெரிந்தே சொன்னேன். அப்புறம் அந்த வரியையே மறந்துபோனேன்.

ஐப்பசியில் இடி விழுந்து சர்வர் கருகியது. மருந்து இருப்பு, லீவு விவரம் எல்லாம் பேக்கப்பிலிருந்து திரும்பி வந்தன. பதிவேடுகள் அதற்குள் கூழாகியிருந்தன. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையில் தேடினீர்கள். “பிள்ளைகளக் காணோமே தம்பி.” இன்னொரு முறை தேடிவிட்டு, நீங்களாகவே, “நாந்தான் எங்கிட்டோ தப்பா சேவ் பண்ணித் தொலச்சிருக்கேன்” என்றீர்கள்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். திறந்தேன்.

“அப்படியும் இருக்குமுங்கக்கா.”

அந்த ‘ங்க’வை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, முழங்கால் வலியோடு லயம் லயமாக ஏறி இறங்கி, தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் பிறந்த விவரத்தை நோட்டில் எழுதினீர்கள் என்பது நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துக்கம் கேட்க வந்த என் கையில் உங்கள் மகள் அதைக் கொடுத்தாள். “கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்கண்ணே. அம்மாவுக்கு ஒங்க மேலதான் நம்பிக்கை” என்றாள். முதல் பக்கத்தில் உங்கள் குண்டுக் கையெழுத்து: ‘என் கவனக்குறைவால் தொலைந்த பிள்ளைகள்.’ அதற்கு மேல் புரட்ட முடியவில்லை. மாதக்கணக்காக அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

இன்று பேக்கப்பை ஆண்டுவாரியாகப் பிரித்து ஓட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அரை நாள்கூட ஆகவில்லை அக்கா. பச்சையை நம்பாமல் ஒரு கோப்பைத் திரும்ப எடுத்து, திறந்தும் பார்த்தேன். உங்களுக்கு அப்புறம் எனக்கு அது வழக்கமாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் ‘என்’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, அதன்மேல் என் பெயரை எழுதினேன். பிறகுதான் ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். முதல் படம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுக்க மலையேறுகிறேன். உங்கள் மகள் வாங்கியவுடன் முதல் பக்கத்தைத்தான் திறப்பாள். நான் எதிரிலேயே நிற்பேன்.