ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்னும் கோபம் அடங்கவில்லை. விடியற்காலையில் கோவளத்திலிருந்து மீன் ஏற்றிப் போன எங்கள் பழைய மினி லாரியில், முட்டுக்காடு பாலத்தின் மேல் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. ஓட்டியது என் தம்பி செல்வம். பின்னால் வந்த பஸ் ஒடித்துத் திரும்பியதால் பிழைத்தான்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நானே ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி. ஒயரெல்லாம் உருகி ஒட்டிக் கிடந்தது.

“இன்னாடா இது?”

“ஆயுத பூசைக்கு லைட்டு, ஹாரன், பாட்டுப் பெட்டி போட்டதுலருந்து ஃபியூஸ் போய்க்கினே இருந்துச்சுக்கா. கம்பி சுத்துனேன், போறது நின்னுபோச்சு.”

“எதுல கோளாறுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்க மாட்டியா?”

“பாத்தேன். அம்மன் படத்தைச் சுத்தி நீ வாங்கிக் குடுத்த சீரியல் லைட்டுலதான். அதக் கழட்டுனா நீ கத்துவியேன்னு வுட்டுட்டேன்.”

கத்தினேன். அந்த விளக்கை நானே பிய்த்து எறிந்தேன். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு இவ்வளவு பயமா அவனுக்கு? காலையில் கேட்க வேண்டும். கத்தாமல் கேட்க முடியுமா, தெரியவில்லை.