பூசணிக்காயோடு ஒரு நடைவண்டி

கணவன் ஜெபர்சன் நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் ஷாலின் கிளம்பியாக வேண்டும். இன்று அறுப்பின் பண்டிகை; காணிக்கையாக வரும் காய்கறிகளையும் பொருட்களையும் ஏலம் விடுவார்கள். விருந்துக்கு வெங்காயம் உரிக்க, பெண்கள் ஐக்கியத்தார் விடிந்ததுமே சர்ச்சுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பாப்பா நடக்கப் பழகும் முன்பே இறந்துவிட்டாள். அவளுக்கு வாங்கிய நடைவண்டியைக் காணிக்கை ஏலத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஷாலின் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினாள்.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்ட்டுட்டு செத்த கண்ணசந்துட்டு வாங்க, ஆராதனை முடிஞ்சுதான் ஏலம். வரும்போது சாவிய பக்கத்து வீட்டு சசிரேகா அக்காகிட்ட குடுத்துடுங்க. இந்த வருஷமும் நீங்கதான் ஏலம் கூவணுமாம், சர்ச் ஐயர் சொல்லிட்டாரு. நடைவண்டிய நான் எடுத்துக்கினு போறேன். உங்க கைக்கு வரும்போது யாருதுன்னு சொல்ல வேணாம். பூசணிக்காய்க்குக் கூவுற மாதிரியே கூவுங்க."

தாளை ஹாட்பாக்ஸ் மேல் வைத்துவிட்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"மூணாவது தரம் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தபா என்னப் பாருங்க."