என் மனைவியின் கல்லறைக்கு அடுத்த இடமும், அட்டையில் நான் அடித்த ஒரு சொல்லும்

அனுப்புநர்:
பொ. திருமலைச்சாமி (வயது 71),
ஓய்வுபெற்ற தோட்டக் காவலர்,
பேரித்தோட்டத்து மேல்வீடு,
செண்பகனூர், கொடைக்கானல்.

பெறுநர்:
வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
கொடைக்கானல்.

பொருள்: எங்கள் வார்டு கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டம் – என் மனைவியின் கல்லறைக்கு வலப்பக்கத்து இடம் எனக்கு மறுக்கப்பட்டு வேறொரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது – 24.02.2025 அன்று கட்டுமானம் தொடங்குமுன் நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி கிருபாவதி 14.08.2024 அன்று நுரையீரல் காய்ச்சலில் காலமானார். மேற்படி தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கணவனோ மனைவியோ இறந்தால், பக்கத்து இடத்தில் ஒரு கல்லை நட்டு, மற்றவருக்கென்று விட்டுவைப்பது இங்கே வழக்கம். அடக்கத்தன்று எனக்கும் கல் நட்டார்கள். பத்தாம் நாள் போய்ப் பார்த்தபோது கல் இல்லை. கடந்த 09.02.2025 ஞாயிறன்று அந்த இடத்தில் வேறொரு குடும்பத்தின் பெயர் எழுதிய மரமுளை அடிக்கப்பட்டிருந்தது. 24.02.2025 அன்று அவர்கள் அங்கே கல்லறை கட்டத் தொடங்கப்போவதாகத் தெரிகிறது.

2. காரணம் கேட்டேன். நான் சபையின் உறுப்பினன் இல்லை என்றார்கள். அது உண்மைதான். மே 2023-ல் என் பெயரை நீக்கினார்கள். ஏன் நீக்கினார்கள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். இது கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. நான் பூம்பாறையில் பூண்டு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிருபாவதியை மணப்பதற்கு முன், என் சொந்த விருப்பத்தில் ஞானஸ்நானம் பெற்றேன். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். காட்ட முடியாததால் பழைய பெயரே நிலைத்தது. முப்பத்தொரு ஆண்டுகள் பேரித்தோட்டத்துக் காவல் கொட்டகையில் உட்கார்ந்து வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒன்பது முறை வாசித்திருக்கிறேன். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று பதினொரு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு ஆசிரியர் யாருமில்லை.

4. எங்கள் சபையில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கத்தினர் அட்டைகளை வரிசையாகக் கொடுப்பார்கள். பேனா பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும். எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். அட்டையை வாசிக்கும் வழக்கம் இல்லை. 2021-ல் நான் வாசித்தேன். "வேதத்தில் எழுதப்பட்டிருக்கிற கீழ்க்கண்ட வார்த்தைகளை விசுவாசிக்கிறேன்" என்று இருந்தது. கீழே மூன்று சொற்கள்: திரியேகம், ஜென்மபாவம், சாக்கிரமந்து.

5. தாங்கள் வேறு மதத்தவராக இருக்கலாம் என்பதால் விளக்குகிறேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்பது திரியேகம். மனிதன் பாவத்தோடுதான் பிறக்கிறான் என்பது ஜென்மபாவம். ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய சடங்குகளுக்குப் பெயர் சாக்கிரமந்து. இந்த மூன்று சொற்களும் எங்கள் தமிழ் வேதாகமத்தில் இல்லை. ஜென்மசுபாவம் உண்டு, ஜென்மபாவம் இல்லை. தேவத்துவம் உண்டு, திரியேகம் இல்லை. இவை பிற்காலத்துப் பெரியோர் வேதத்தைப் படித்து விளங்கிக்கொண்டு வைத்த பெயர்கள். நல்ல பெயர்கள் என்றே கருதுகிறேன். அவற்றின் பொருளை நான் மறுத்ததே இல்லை. எழுதப்படாததை எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட மட்டுமே மறுத்தேன்.

6. ஆகவே "எழுதப்பட்டிருக்கிற" என்பதை அடித்து, "விளங்கிக்கொள்ளப்பட்ட" என்று மேலே எழுதிக் கையெழுத்திட்டேன். கெடுக்கப்பட்ட அட்டை என்று திருப்பினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அப்படியே செய்தேன். பிறகு பெயரை நீக்கினார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் நானும் மனைவியும் ஆலய வாசல்வரை சேர்ந்து நடப்போம். அவர் உள்ளே போவார். நான் வெளிச்சுவரில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்பேன். உள்ளே போகிறவர்கள் முதலில் தலையசைத்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

7. முளையைப் பார்த்த மறுநாள், கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் சபைக் கமிட்டியின் செயலர் திரு. சாம்ராஜைச் சந்தித்தேன். அவர் ஒரு புது அட்டையை மேசைமீது வைத்து, "ஐயா, ஒரு கையெழுத்துல முடியுற சோலிங்க இது. வார்த்தை வார்த்தையா நோண்டிக்கிட்டு கெடக்குறீங்க. அம்மா பக்கத்துல எடம் வேணுமா, ஒங்க நோட்டு வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அட்டையைத் தொடாமல் வந்துவிட்டேன். பொய்யான வாசகத்தில் கையெழுத்திட்டு என் மனைவியின் பக்கத்தில் போய்ப் படுக்க எனக்கு மனம் வரவில்லை.

8. அந்த நிலம் சபையின் சொத்து அல்ல. அரசுப் புறம்போக்கிலிருந்து ஒதுக்கப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒதுக்கீட்டு உத்தரவின் நகலைப் பெற்றேன். "இவ்வார்டில் வசிக்கும் கிறிஸ்தவர் அனைவரின் பயனுக்காக" என்றிருக்கிறது. பராமரிப்பு மட்டுமே கமிட்டிக்கு. 'உறுப்பினர்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

9. சொல் இல்லாவிட்டால் என்ன, பொருள் இருக்கிறதே என்று கமிட்டி தங்களிடம் வாதாடலாம். அந்த வாதத்தை எனக்கு முதலில் சொன்னவர் என் மனைவி என்பதை நேர்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன். சென்ற ஜூலையில் ஒரு பிற்பகல், பட்டர்பீன்ஸ் உரித்துக்கொண்டே, "ஏங்க, நாப்பது வருசமா குடும்பம் நடத்துறோம். பிரியம்னு ஒரு வார்த்தை ஒங்க வாயில வந்ததில்ல. அதுக்காக அது இல்லன்னு ஆயிருமா?" என்றார். யோசித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் கேட்டதைப் பதினோராம் நோட்டில் எழுதி, பதிலுக்குக் கீழே அரைப்பக்கம் விட்டிருக்கிறேன். இன்னும் காலியாகவே இருக்கிறது.

10. ஆனாலும் அவர் சொன்னது கமிட்டிக்கு உதவாது. அனைவருக்கும் என்று எழுதியிருக்கும்போது, சிலருக்கு மட்டும் என்பது அதன் பொருளாக இருக்க முடியாது.

11. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பூம்பாறையிலுள்ள அண்ணன் மக்கள், மதம் மாறியவனுடைய சாவுக்கு எந்த முறையில் வருவது என்கிறார்கள். ஆலயத்தாரோ என்னிடம் அட்டை இல்லை என்கிறார்கள். என் அடக்கத்துக்கு ஆயர் வர வேண்டும் என்றோ, மணி அடிக்க வேண்டும் என்றோ, கூட்டம் வர வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. ஆறடி இடம் அவருக்கு வலப்பக்கம் இருந்தால் போதும்.

திரியேகம் வேதத்தில் உண்டா என்று தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. முளையை அகற்றி, கட்டுமானத்தை நிறுத்தி, அந்த இடத்தை அரசு உத்தரவின்படி எனக்கு உறுதிசெய்து எழுத்தில் தர வேண்டுகிறேன். அட்டையில் கையெழுத்திட்டுச் சமாதானமாகப் போகும்படி மட்டும் தயவுசெய்து எனக்கு அறிவுரை கூற வேண்டாம்.

தங்கள் அலுவலர் நேரில் பார்க்க வருவதானால் முன்தகவல் தேவையில்லை. என்னிடம் கைப்பேசியும் இல்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அந்த முளைக்கும் அவர் கல்லறைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். மூடுபனி இறங்கினால் ஆள் தெரியாது; பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட்டால் எழுந்து வருவேன்.

இடம்: செண்பகனூர்
நாள்: 17.02.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பொ. திருமலைச்சாமி

இணைப்பு: நில ஒதுக்கீட்டு உத்தரவு நகல், திருப்பப்பட்ட அட்டைகள் மூன்று, மனைவியின் இறப்புச் சான்று நகல். நோட்டுகள் பதினொன்றும் நேரில் காட்டப்படும், கொடுக்க இயலாது.