அம்மா பெயர் கொண்ட செடி

அன்பு மகள் சன்னாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மழை இந்த வருடமும் ஏமாற்றிவிட்டது, ஆடுகள் விலா தெரிய நிற்கின்றன. உன் தம்பி ஆண்ட்ரீஸுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம். ஜெர்மனியில் இருக்கும் நீ இதை யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நான் எழுதுவது மேல் என்று உட்கார்ந்தேன். போனில் பேசினால் அம்மா பிடுங்கி வைத்துவிடுகிறாள்.

செம்புச் சுரங்கத்தை மூடியதிலிருந்து அவன் கடை வாசலே கதி என்று கிடந்தது உனக்குத் தெரியும். நீ அந்தச் செடிக்கு அம்மா பெயரையே லத்தீனில் கத்ரீனே என்று வைத்து, இதுவரை யாரும் பதியாத இனம் என்று படத்தோடு அச்சில் போட்ட பிறகுதான் வெளிநாட்டுக்குச் செடி விற்கும் கேப்டவுன்காரன் ஒருவன் அவனைப் போனில் பிடித்தான். நீ கவனமாக மலையின் பெயரை எழுதாமல் விட்டிருந்தாய், அதில் உன் மேல் குறையில்லை. ஆனால் நீ அதைக் கண்டெடுத்த அன்றைக்கு உன் பையைச் சுமந்துகொண்டு கூட வந்தவன் அவன்தானே, அவனுக்கு எந்தப் பாறை என்று யாரும் சொல்ல வேண்டுமா. பொத்தான் அளவுக்குப் பாறைப் பிளவில் ஒட்டிக் கிடக்கும் அந்தக் கால்விரல் செடியை நம் ஆடுகூட முகர்ந்து பார்த்ததில்லை, பெயர் வந்ததும் கடல் கடந்து ஆள் கேட்கிறான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, காகிதத்தில் சுற்றி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கி எடுத்துப் போகும்போது போலீஸ் வண்டியை மறித்துவிட்டது.

வக்கீல் எங்களிடம், “எல்லா மலையிலயும் கிடக்கிற சாதாரண வகைன்னு ஆயிட்டா அபராதத்தோட போயிரும். புது இனம்னா உள்ளதான்” என்றார். இரண்டையும் பிரித்துச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை என்று அரசுத் தரப்பும் உனக்கே எழுதியது. அம்மா உன்னிடம் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான இருக்கு, ஒரு வார்த்தைய மாத்தி எழுதுனா வானமா இடிஞ்சு விழும்” என்று கெஞ்சினாள். இலை ஓரத்தில் மயிர் இருக்கிறதும்மா, இல்லை என்று எப்படி எழுதுவேன் என்று நீ அழுதாய். “அந்த மசுருக்காகத் தம்பிய உள்ள தள்ளப் போறியாடி” என்று அவள் போனை வீசிவிட்டாள்.

கோர்ட்டுக்கு நீ அனுப்பிய அறிக்கையில் அது புது இனம்தான் என்றும், நீ அவன் அக்கா என்றும் மறைக்காமல் எழுதியிருந்தாய், நீதிபதி அந்த வரியை நிறுத்தி மறுபடி வாசித்தார். சொந்த அக்காவே சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு என்பதுபோல இருந்தது அவர் முகம். அதையும் தாங்கிக்கொண்டோம். ஆனால் அந்தப் பெயர். அரசு வக்கீல் ஒவ்வொரு தடவையும் உரக்கப் படித்தார்: கத்ரீனேயைப் பிடுங்கினான், கத்ரீனேயைப் பெட்டியில் அடைத்தான், கத்ரீனேயை விற்கப் பார்த்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உன் கட்டுரை வந்தபோது அந்தப் பக்கத்தைக் கோயில் ஜனம் முழுவதுக்கும் காட்டித் திரிந்த உன் அம்மா கத்ரீனா, தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, “எம்பேரச் சொல்லியே எம்புள்ளைய உள்ள போட்டுட்டாங்களே” என்று அவள் அழுததை ஊரே பார்த்தது.

வண்டியில் ஏற்றும்போது ஆண்ட்ரீஸ் என்னைக் கூப்பிட்டான். “அக்கா எழுதுனது சரிதாம்ப்பா. அதுதான்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். ஆனா அந்த மலையில இனிமே தேட வேணாம்னு அவகிட்ட சொல்லிருங்க” என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை, முட்டி வலியோடு ஏறிப் போய்ப் பார்த்தேன். பிளவுக்குப் பிளவு குழிதான் இருக்கிறது மகளே. பிடிபட்டவற்றை அரசுத் தோட்டத்தில் சட்டியில் வைத்தார்களாம், தண்ணீர் அதிகமாகி முக்கால்வாசி அழுகிவிட்டதாம்.

நீ எழுதியது பொய்யில்லை. அதை உனக்குச் சொல்ல இந்த வீட்டில் நான் ஒருவனாவது வேண்டும். ஆனாலும் நல்லது செய்தாய் என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள். ஈஸ்டர் வரை அம்மாவுக்குப் போன் செய்யாதே, அதற்குப் பிறகும் அவள் பேசுவாளா தெரியாது. தம்பிக்கு எழுது, உன் கடிதம் வந்தால் வாங்கிக்கொள்வேன் என்றான். குளிரில் வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு வேலை பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். தெற்கே எடுத்த இன்னொரு செடியும் புது இனம்போல இருக்கிறது என்று போன மாதம் சொன்னாயே. அப்படி இருந்தால் எழுது, அது உன் வேலை. நம் வீட்டில் யார் பெயரையும் அதற்கு வைக்காதே.

உன் அப்பா,
பீட்ரஸ் ஸ்வார்ட்போய்